பலகையில் நான்காவது வரி

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம், நலம், நலமறிய ஆவல், இதெல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. பதினோரு வருஷம் கழித்துத் தம்பி எழுதுகிறான் என்று கண்ணைத் துடைக்க ஆரம்பிக்காதே. சண்டை போடத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். காகிதத்தில் நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது.

நேற்று ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா. நான் கதவு இடுக்கில் வாயை வைத்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "கதவை நீங்களா தொறக்காதீங்க. அங்கேயே இருங்க. நான் வர்றேன்." பிறகு மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்தேன். இறங்கி வந்து கதவைத் திறந்தால் அந்த அம்மா நன்றி சொல்லவில்லை. என் இடது காதை உற்றுப் பார்த்தார். மடலைப் பிடித்துத் திருப்பியே பார்த்துவிட்டார்.

"லிப்ட் ரிப்பேர்... இடது காதுல வெட்டு... ஐயோ, காணாமப் போனவன் நீதானா!"

அவர் போட்ட சத்தத்தில் கட்டடமே கூடிவிட்டது. காவலாளி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் தேடும் ஆள் என்று நினைத்திருக்கிறார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மா தையல் டீச்சராம். நான் போன பிறகு நம் சபைக்கு வந்தவராம். இப்போது வேலை ஓய்ந்து, மகளோடு இருக்க இந்த ஊருக்கு வந்திருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் நீ ஒரு கரும்பலகையைப் பார்த்து வாசிப்பாயாம். தலைப்பு 'தேடப்படுகிறவர்கள்.' அதில் நான்காவது வரி நானாம். "லிப்ட் பழுது பார்ப்பவர். இடது காது மடலில் வெட்டு. கோபக்காரர், ஆனால் நன்றாகப் பாடுவார்." இத்தனை வருஷமாக, வாரம் தவறாமல், நூற்றைம்பது பேர் என் காதை நினைத்துக் கண்ணை மூடியிருக்கிறார்கள்.

முடி வெட்டிவிடுகிறேன் பேர்வழி என்று என் காதை வெட்டியது நீ. அதையே அடையாளம் போட்டு விளம்பரம் செய்ததும் நீ. நான் காணாமல் போகவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, டயர் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, அறையில் ஒரு நல்ல நாற்காலி இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வரியை அழி.

தம்பி

*

பிப்ரவரி 10

கோபக்காரத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது கடையில் ஒருவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். "இது தெளிவா, இது தெளிவா?" என்று கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உறையில் உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததும் எனக்கே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அவரைக் கடைசி வரிசை எழுத்துகளோடு விட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். கேட்டதா? கேட்டிருக்காது. நல்லது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா? போகும்போது கன்னம் வீங்கியிருந்தது.

பலகையைப் பற்றிக் கேட்டாய். அது நீ போன வருஷம் வந்த போதகர் கொண்டுவந்த பழக்கம். மூன்றே மூன்று சட்டம். ஒன்று, பெயர் எழுதக் கூடாது, யாருக்கும் அவமானம் ஆகிவிடக் கூடாது. அடையாளம் மட்டும்தான். இரண்டு, அந்த ஆள் திரும்பி வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறவர்தான் வரியை எழுதலாம். மூன்று, வரியை அழிக்கிற உரிமை அந்த ஆளுக்கு மட்டுமே. அவரே வந்து, தன் கையாலேயே அழிக்க வேண்டும். இதுவரை ஒன்பது பேர் வந்து அழித்திருக்கிறார்கள். ஒருவர் அழித்துவிட்டு மறுவாரமே மறுபடி காணாமல் போனார், அது தனிக் கதை.

ஆகவே உன் வரியை நான் தொட முடியாது. வா, நீயே அழி. பஸ் வசதி முன்பு மாதிரி இல்லை, நேராகவே இருக்கிறது.

இன்னொன்று. ஆர்மோனியக்காரரும் நீ போன இரண்டாம் மாதமே வருவதை நிறுத்திவிட்டார். ஊரில்தான் இருக்கிறார். அவருக்கு யாரும் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. இரண்டாம் சட்டம் இடிக்கிறது, அவ்வளவுதான். ஆர்மோனியம் உறை போட்டு மூலையில் இருக்கிறது. நாங்கள் வெறும் வாயால் பாடுகிறோம், ஆளுக்கொரு வேகத்தில்.

வாசலில் நின்று அன்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை.

கர்த்தருக்குள் உன் அக்கா

*

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அக்கறைக்கு நன்றி.

நீ மறக்கவில்லை என்கிறாய். நான் ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன், சரியா பார். அம்மா ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். தினமும் சாயந்திரம் சபையார் வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். கட்டாயம் எழுந்து நடப்பார் என்றார்கள். நானும் நம்பினேன். அம்மாவின் செருப்பைக்கூடத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அடக்கம் முடிந்த முதல் ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் ஆர்மோனியக்காரர் என் தோளைத் தட்டி, "உன் விசுவாசம் கொறஞ்சுபோச்சு தம்பி, அதான் இப்படி ஆச்சு" என்றார். சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து வாசித்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி, கடைசி அடியை வழக்கம் போல் இழுத்து இழுத்து வாசித்தார். பாட்டின் நடுவில் நான் எழுந்து வந்தேன். வாசலில் நீ வழியை மறித்து, "போறதுன்னா போ. ஆனா திரும்பி வராதே" என்றாய்.

நான் சொல் பேச்சுக் கேட்கிற தம்பி. திரும்பி வரவில்லை.

அவருக்கு வரி எழுத ஆள் இல்லையா? மனசு குளிர்ந்தது.

சட்டமாவது ஒன்றாவது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நூற்றைம்பது பேர் என்னை நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்த நேரத்தில் ஒரு டீகூட நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. உனக்குத் துளியாவது என் மேல் பாசம் இருந்தால் அழித்துவிடு.

தம்பி

*

மார்ச் 3

தம்பி,

அழித்துவிட்டேன். ஈரத் துணியால் துடைத்தேன், தடம்கூட இல்லை. நீ நிம்மதியாக டீ குடி.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

நன்றி. இவ்வளவு சீக்கிரம் செய்வாய் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு மூன்று கடிதமாவது சண்டை போடுவாய் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது.

இன்று ஞாயிறு. பதினோரு மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்தேன். யாரும் என்னை நினைக்கவில்லை என்ற நிம்மதியோடு ஒரு டீ சொன்னேன். டீ நன்றாக இல்லை. இன்னொன்று சொன்னேன். அதுவும் நன்றாக இல்லை. கடைக்காரரிடம் தூளை மாற்றினீர்களா என்று கேட்டேன், முறைத்தார்.

மாமா எப்படி இருக்கிறார்? குறட்டை அதே சத்தம்தானா?

தம்பி

*

மார்ச் 24

அக்கா,

நீ பதில் போடவில்லை. சரி, கோபம். ஆனால் இன்று தையல் டீச்சரைப் படிக்கட்டில் பார்த்தேன். (லிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. அவர்தான் அன்றிலிருந்து படியேறுகிறார்.) நம் சபையிலிருந்து அவருக்குப் போன் வந்ததாம். "உங்க அக்கா மூணு வாரமா கோயில் பக்கமே வரலியாமே, ஒடம்புக்கு என்ன?" என்று என்னைக் கேட்கிறார்.

உனக்கு ஜுரம் என்றாலும் முக்காடு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்காருகிற ஆள் நீ. என்ன ஆயிற்று? உடனே எழுது. இரண்டு வரி போதும். திட்டியாவது எழுது.

தம்பி

*

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் குறட்டையும் சுகம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா இறந்துபோன வாரம் உன் விசுவாசம் மட்டும் போகவில்லை, எனதும் போயிற்று. நீ எழுந்து நடந்தபோது உன் பின்னாலேயே வந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் வாசலில் அப்படிக் கத்தினேன். உன்னை விரட்டவில்லையடா, என்னைப் பிடித்து வைத்துக்கொண்டேன். நீ போய்விட்டாய், நான் தங்கிவிட்டேன். உடம்பு தங்கியது. வெளியே பார்த்தால் நான் சபைக்குத் தூண். உள்ளே ஒன்றுமே கிடையாது. பாடுவேன், வாய் பாடும். முழங்கால் போடுவேன், முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான்.

பலகையில் ஏழு வரி. ஆறு வரியை மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி வாசிப்பேன். நான்காவது வரிக்கு வரும்போது மட்டும் நிறுத்தி வாசிப்பேன். "ஆண்டவரே, இவனைக் கொண்டு வாரும்" என்று சொல்லும்போது மட்டும் யாரோ கேட்பது போல் இருக்கும். வாரத்துக்கு ஒரு வாக்கியம். அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன்.

நீ பாசத்தைச் சொல்லிக் கேட்டதும் ரோஷம் வந்து அழித்துவிட்டேன். அந்த ஞாயிறு பலகையை வாசிக்க எழுந்தேன். மூன்றாவது வரி முடிந்தது. அடுத்து ஒன்றும் இல்லை. வாய் திறந்தபடி நின்றேன். நூற்றைம்பது பேரும் பார்க்கிறார்கள். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடுவழியே நடந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் என்னை மறிக்க யாரும் இல்லை.

அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். வருகிறவர்களைக் கேட்கிறேன், "இது தெளிவா, இது தெளிவா?" எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவளின் லட்சணம் இது.

உன்மேல் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது, அதுதான்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். பிறகு நடந்த கூத்தைக் கேள். சிரி, பரவாயில்லை, இங்கே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அதே ஏழு மாடிக் கட்டடத்தில் வேலை. பழுதை முடித்துவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று நானே உள்ளே ஏறிப் பார்த்தேன். நான் இறங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என் கூட்டாளி மேலே மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்து, அறையைப் பூட்டி, சாப்பிடப் போய்விட்டான். பெட்டி நின்றது. எங்கே? நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். என் போன் எங்கே? மேலே, கருவிப் பையில்.

இருபது வருஷமாக மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு ஆபத்தும் கிடையாது, அக்கா. சும்மா இருந்தால் போதும். தானே கதவை நெம்பி, தானே தொற்றி ஏறி வெளியே வரப் பார்க்கிறவர்தான் கையைக் காலை ஒடித்துக்கொள்வார். இது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் காரியமாகக் கதவை நெம்பினேன். விரல் நசுங்கியது. நகம் கறுத்திருக்கிறது.

அப்புறம்தான் ரோஷத்தை விட்டு மணியை அழுத்தினேன். படிக்கட்டில் டீச்சர் வந்துகொண்டிருந்தார், நம் நல்ல நேரம். கதவு இடுக்கில் வாயை வைத்து, "யாரு, காது தம்பியா? கதவை நீயா தொறக்காதே. அங்கேயே இரு. ஆள் வருவாங்க" என்றார். என் வசனத்தை எனக்கே சொன்னார். சொல்லிவிட்டு வீட்டிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வெளியே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

கூட்டாளி வர நாற்பது நிமிஷம் ஆனது. தரையில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பதினோரு வருஷமாக நீயும் இப்படித்தான் நடுவில் நின்றிருக்கிறாய், மணியைக்கூட அழுத்தாமல். என் வரி ஒன்றுதான் உன் மணி. அதையும் நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அழுதேன் அக்கா. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை.

ஜெபம் எப்படி ஆரம்பிப்பது என்று மறந்துவிட்டது. தெரிந்த வசனம் ஒன்றுதான். அதையே திருப்பிப் போட்டுச் சொன்னேன்: "நாங்க ரெண்டு பேரும் இங்கேயேதான் இருக்கோம். நீங்க வாங்க." வேறு எதுவும் சொல்லவில்லை. வானம் திறக்கவில்லை, லிப்டும் திறக்கவில்லை. ஆனால் யாரோ கேட்டது போல் இருந்தது. நீ எழுதியிருந்தாயே, அது மாதிரிதான்.

அன்றைக்கு இன்னொரு காரியமும் செய்தேன். அதை இப்போது சொல்ல மாட்டேன்.

தம்பி

*

ஏப்ரல் 21

அடப் பாவி,

யாரைக் கேட்டுச் செய்தாய்? யார் உனக்கு அனுமதி கொடுத்தது?

சனிக்கிழமை பள்ளிக்கூட வாத்தியார் மூக்குக் கண்ணாடிக்குத் திருகு போட வந்தார். என் தலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார். அடுத்து ரொட்டிக் கடைக்காரர் மனைவி வந்தாள், அவளும் என் தலையைப் பார்த்தாள். "அக்கா, ஒங்களுக்காகப் போன வாரம் எல்லாரும் ஜெபம் பண்ணினோம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை ஒரு முறை முறைக்கலாம் என்று மேசையெல்லாம் தேடுகிறேன், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கண்ணாடி தலையில் இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் உள்ளே போனேன். பலகையில் நான்காவது வரி, போதகரின் கையெழுத்தில்: "கண்ணாடிக் கடை அக்கா. தலையில் கண்ணாடி இருக்கும்போதே கண்ணாடியைத் தேடுவார். எங்களையெல்லாம் தேடியவர். இப்போது அவரைத் தேட வேண்டும்."

நீ லிப்டுக்குள் இருந்து கதவு இடுக்கு வழியாகச் சொல்லச் சொல்ல, தையல் டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து துணி அளவு நோட்டில் எழுதிப் போதகருக்கு அனுப்பினாராம். போதகரைக் கேட்டால், "சட்டப்படிதானே எழுதியிருக்கு? மனசார ஆசைப்படறவர்தான் சொல்லியிருக்கார்" என்கிறார். நான் சபைக்குத் தூண். என்னைப் போய்ப் பலகையில்! ஊர் சிரிக்கிறது.

ஆத்திரத்தில் துணியை எடுத்தேன், துடைக்கப் போனேன். மூன்றாம் சட்டப்படி எனக்கு உரிமையும் உண்டு, வந்துவிட்டேனே. ஆனால் கை போகவில்லை. முன் பெஞ்சியில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை யாரோ தேடுகிறார்கள் என்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதடா. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துமா அழிக்கச் சொன்னாய்?

நான் அழிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 26

தூண் அக்காவுக்கு,

பிழை கண்டுபிடித்துவிட்டேன். 'தலையில் கண்ணாடி இருக்கும்போதே' என்பதற்குப் பிறகு 'அடுத்தவரைத் திட்டிக்கொண்டே' என்று சொன்னேன். டீச்சர் விட்டுவிட்டார்.

கேட்டாயே, தெரிந்திருந்ததா என்று. முதல் நாளே தெரிந்தது. கோபத்தில் எழுதினேனே தவிர, அந்த இரவு டயர் கடை மாடியில் என் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தடவிப் பார்த்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஒரு விண்ணப்பம். என் வரியை மறுபடி எழுது. எட்டாவதாக இருந்தாலும் பரவாயில்லை. நீ அழித்தது செல்லாது, சட்டம் நீதான் சொன்னாய். மே மாதம் இரண்டாம் ஞாயிறு லீவு கேட்டிருக்கிறேன். நானே வந்து அழிக்கிறேன்.

முழு விசுவாசி ஆகிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிடாதே. நான் மணியை அழுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி

*

மே 2

தம்பிக்கு,

எழுதிவிட்டேன். பத்து மணிக்கே வந்துவிடு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா. நசுங்கிய விரலுக்கு மருந்து போட்டாயா? முடி வெட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் நான் வெட்டுவேன்.

மாமா ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்கிறார். நீ பஸ்ஸில் வருகிறாய் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன்.

அக்கா

*

மே 16

என் தம்பிக்கு,

நீ போய் ஐந்து நாள் ஆகிறது. வீட்டில் நீ ஈரத்தோடு போட்ட துண்டு இன்னும் நாற்காலி மேலேயே கிடக்கிறது. எடுக்க மனசில்லை.

உன் வரியை நீ உள்ளங்கையால் அழித்தாய், அழுத்தி, லிப்ட் சக்கரம் சுற்றுகிற வேகத்தில். என் வரியை நான் முந்தானையால் அழித்தேன். சபையார் கை தட்டினார்கள். கோயிலில் கை தட்டுகிற வழக்கம் நமக்கு இல்லை, போதகரே முதலில் தட்டினார். அடுத்த பாட்டை ஆளுக்கொரு வேகத்தில் பாடினோம். நீ மட்டும் சரியாகப் பாடினாய், அழுதுகொண்டே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் வெளியே டீ குடிக்கப் போனபோது உன்னைப் பத்து நிமிஷம் காணவில்லை. மறுபடி காணாமல் போய்விட்டாயோ என்று வாசல் வரை ஓடிப் பார்த்தேன். கை கழுவினேன் என்றாய். வியாழக்கிழமை பலகையின் சட்டத்தில் தூசி துடைக்கப் போனபோதுதான் பார்த்தேன். அடியில், கோழிக் கிறுக்கலில் ஒரு வரி: "ஆர்மோனியக்காரர். கடைசி அடியை இழுப்பார்."

தம்பி, இரண்டாம் சட்டம் நினைவிருக்கிறதா? அவர் வர வேண்டும் என்று உனக்கு மனதார ஆசையா? இல்லையென்றால் நான் வாசிக்க முடியாது. நிஜத்தைச் சொல்.

அக்கா

*

மே 21

அக்கா,

நிஜம் கேட்டாய். முழு மனசு இல்லை. பாதிதான். எழுதும்போது சுண்ணாம்புக் கட்டி இரண்டு தரம் உடைந்தது.

ஆனால் ஒன்று. அன்று அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து பாடினேன். நடுவில் ஆர்மோனியம் இல்லாதது எனக்கு உறுத்தியது. அவர் வெறும் வாயால் ஒரு வார்த்தை சொல்லி என்னைத் தொலைத்தார். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரும் தொலைந்துபோயிருக்கிறார். இரண்டே மாதம் அவருக்கு, யோசித்துப் பார். நான் போய் ரெண்டே மாதத்தில் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. எனக்காவது காதை வெட்டின அக்கா இருந்தாள். அவருக்கு யார்?

பாதி மனசுக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று போதகரைக் கேள். இதோடு ஒரு சிறு கடிதம் வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை, நீ படிக்கலாம். அவர் கையில் கொடு. மீதிப் பாதி மனசு வருவதற்குள் கொடுத்துவிடு. அது வந்தால் கிழித்துப்போடச் சொல்லும்.

தம்பி

பி.கு. ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே அவருடைய கோயிலுக்குப் போகிறேன். பை ரொம்பக் கனம். அதற்காகத்தான்.

*

ஜூன் 15

என் தம்பிக்கு,

போதகர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "பாதி போதும், நானே பல நாள் பாதியிலதான் ஓட்டறேன்" என்றார். அதனால் மூன்று வாரமாக வாசித்தேன். ஏழு வரியையும் வாசித்தேன், மளிகைச் சீட்டு மாதிரி இல்லை.

ஆர்மோனியக்காரருக்கு நீ வைத்திருந்த கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தைரியம் வரவில்லை. வரவும் வேண்டியிருக்கவில்லை, அவரே கடைக்கு வந்தார். பழைய கண்ணாடியில் எதுவும் தெரியவில்லையாம். பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்துச் சில்லை மாற்றினேன். "இது தெளிவா, இது தெளிவா?" எழுத்துப் பலகையைக் காட்டுவதற்குப் பதில் உன் கடிதத்தை நீட்டினேன். இரண்டே வரிதானே நீ எழுதியிருந்தாய்: "நீங்கள் சொன்னது தவறு. ஆனாலும் வாங்க, பாட்டு இன்னும் நிற்கவில்லை."

அவர் ரொம்ப நேரம் படித்தார். "கண்ணாடி சரியா இருக்குங்களா?" என்று கேட்டேன். "சரியா இருக்கும்மா. எல்லாம் தெரியுது" என்றார். அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு எனக்கும் ஒண்ணும் புரியல. நானும் நம்பித்தான் ஜெபிச்சேன். யார்மேலயாவது பழியைப் போடணும்னு இருந்துச்சு. அந்தப் பையன் எதிர்ல இருந்தான்." பையனாம். உனக்கு நாற்பத்துநான்கு என்று நான் சொல்லவில்லை.

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து நேராக வந்து இதை எழுதுகிறேன், சோறுகூட வைக்கவில்லை, மாமா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் வந்தார், தம்பி. பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தன் வரியை ஒரு விரலால், எழுத்து எழுத்தாக அழித்தார். பிறகு ஆர்மோனியத்தின் உறையை எடுத்தார், தூசி பறந்து பாதிப் பேர் தும்மினோம். அழுத்திய இரண்டு கட்டை எழும்பவே இல்லை. இருந்தாலும் வாசித்தார். நீ பாதியில் விட்டுவிட்டு எழுந்து போன அதே பாட்டு, அவரேதான் அதைக் கேட்டு வாங்கினார்.

கடைசி அடியை வழக்கம் போல் இழுத்தார். இந்தத் தடவை யாரும் முந்திக்கொண்டு போகவில்லை.

அக்கா